கிட்டங்கிக் கதவு

ஞானசெல்வி சங்கரன்கோவிலில் வந்து இறங்கியது 1978 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள். மேல்காற்று புழுதியை வாரித் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சராக அவளுக்கு மாற்றல் ஆகியிருந்தது. சொந்த ஊர் மெஞ்ஞானபுரம். வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு வேதப்புத்தகம், இவ்வளவுதான் அவள் கொண்டு வந்திருந்தவை.

அவளுக்குப் பார்த்து வைத்திருந்த வீடு தறிக்காரர்கள் தெருவின் கடைசியில் இருந்தது. பழைய மச்சு வீடு. வீட்டுக்காரர் சண்முகையாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நூல் கடையில் வேலை. மனைவி செத்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் கிடையாது. முன்கூடமான பட்டாசாலையை ஒட்டிய அறையை ஞானசெல்விக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் தெருவாசல் ஒன்றுதான்.

அந்த வாசல் கதவைப் பார்த்ததும் அவளுக்கு விநோதமாக இருந்தது. நல்ல தேக்குக் கதவு. ஆனால் அதன் அடிப்பாகத்தில், முழங்கால் உயரம்வரை, பழைய கம்பளியை நாலாக மடித்து வெளிப்பக்கம் ஆணியடித்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டாள். காற்று வரும் என்றார் சண்முகையா. பிறகு, அவளைத் தேடி யார் வந்தாலும் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்ல வேண்டும், கதவைத் தட்டக்கூடாது, அது ஒன்றுதான் இந்த வீட்டில் கண்டிஷன் என்றும் சொன்னார்.

நல்ல மனுஷர். அவள் திருத்த வேண்டிய நோட்டுகளைத் தூக்கி வந்தால் எதிரே போய் வாங்கிக்கொள்வார். பகல் முழுக்கத் தெருவில் தறிச் சத்தம் இருக்கும். தறி ஓய்ந்துவிட்டால் வீட்டுக்குள் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் அவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை அவள் பலமுறை கவனித்திருக்கிறாள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைப் பாடம் வந்தது. வங்கக் கடலோரத்தைத் தாக்கிய புயல்களை வருஷ வாரியாக எழுதி வகுப்பில் மாட்டுவதற்காக ஞானசெல்வி ஒரு பெரிய அட்டை தயாரித்தாள். 1952 நாகப்பட்டினம். 1955 தஞ்சாவூர்க் கடற்கரை. 1964 தனுஷ்கோடி. 1977 மறுபடி நாகப்பட்டினம், அதற்கு ஒரு வாரம் கழித்து ஆந்திரா. பட்டாசாலைத் தரையில் அட்டையை விரித்து அவள் மை தொட்டு எழுதிக்கொண்டிருக்க, சண்முகையா வந்து குனிந்து பார்த்தார்.

அறுபத்தாறில் மெட்ராஸில் அடித்ததை அவள் அட்டையில் விட்டுவிட்டாள் என்றார். அறுபத்தேழில் நாகைப்பக்கம் ஒன்று. எழுபத்திரண்டு டிசம்பரில் கடலூர். ஒவ்வொன்றும் கரையேறிய நேரத்தையும் சொன்னார். அவள் ஆச்சரியப்பட்டு, பேப்பரில் வந்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டாள்.

"பேப்பர் மறுநாள்லா வரும், டீச்சர்," என்றார் அவர். "எனக்கு அன்னைக்கே வந்து சொல்லிருவாங்க."

அவர் பார்வை கதவின் மேல் இருந்தது.

பக்கத்து வீட்டு வள்ளித்தாய் தறி நெய்கிறவள், வாயாடி. ஞானசெல்வி அவளிடம் ஜாடையாக விசாரித்தாள். அண்ணாச்சி தங்கமான ஆள்தான் என்றாள் வள்ளித்தாய். ஆனால் போன வருஷம் நாகப்பட்டினத்தில் புயல் அடித்த அன்றைக்கு இங்கே ஒரு தூறல்கூட இல்லை. எதற்கோ அவள் பின்வாசல் வழியாகப் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவர் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம். அவரைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம்.

நவம்பர் இருபத்திநாலாம் தேதி வெள்ளிக்கிழமை. இலங்கையைத் தாண்டிய புயல் ராமநாதபுரம் கடற்கரையை நோக்கி வருகிறது என்று காலையிலேயே ரேடியோவில் சொன்னார்கள். மத்தியானம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். ஞானசெல்வி குடை முறிந்து, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டது. கரண்டு போயிற்று. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. ஓட்டுக்கூரைகளின் மேல் காற்று விசில் அடித்துக்கொண்டு போனது.

சண்முகையா கடைக்குப் போகவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதற்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்து, எதிரே அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரூமுக்குள்ள இருங்க, டீச்சர். என்ன கேட்டாலும் வெளிய வராதிய."

அவள் உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வேதப்புத்தகத்தைத் திறந்து சங்கீதம் வாசித்தாள். எழுத்து ஓடவில்லை. ஐந்து மணிவாக்கில் மழைச் சத்தம் சட்டென்று அடங்கியது.

அப்போது வாடை வந்தது.

அவள் கடலோரத்துப் பெண். அந்த வாடை அவளுக்குத் தெரியும். காயப்போட்ட கருவாட்டின் மேல் உப்புத் தண்ணீர் ஏறினால் வருகிற வாடை. கிழக்கே கடல் ஐம்பது மைலுக்கு அந்தப்பக்கம் இருந்தது.

பிறகு தட்டுகிற சத்தம்.

மெதுவாகத்தான். கம்பளிக்குள் அமுங்கின சத்தம். ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே, முழங்கால் உயரத்தில்.

வள்ளித்தாய் வீட்டுக் கூரை விழுந்துவிட்டதோ, அவள்தான் விழுந்து கிடந்து தட்டுகிறாளோ என்று பதறி ஞானசெல்வி பட்டாசாலைக்கு ஓடி வந்தாள். சண்முகையா கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் நாக்கு நாக்காக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது அவள் பாதத்தைத் தொட்டது. மழைத்தண்ணீர் போல இல்லை, பிசுபிசுத்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"யாரு அண்ணாச்சி அது?"

மறுபடி மூன்று தட்டல் கேட்டது. அது ஓய்ந்த பிறகு அவர், அவளைப் பார்க்காமல், விளக்கைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

அறுபத்திநாலில் அவர் தனுஷ்கோடியில் ஒரு கருவாட்டு முதலாளியிடம் வேலை பார்த்தார். சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி மேட்டில் இருந்தது, வாசலுக்கு நாலு படி. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ராத்திரி கடல் ஊருக்குள் வந்தபோது அவரோடு சேர்த்து ஏழு ஆண்கள் அந்தக் கிட்டங்கிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தோணியம்மாள் என்று ஒருத்தி, அங்கே கருவாடு காயப்போடுகிறவள். தினமும் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பாள். படிக்குக் கீழே கழுத்தளவு தண்ணீரில் நின்று, எட்டின மட்டும் கையை நீட்டித் தட்டினாள். இன்னொரு கையில் இரண்டு வயசுப் பெண்குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கதவிடுக்கு வழியாக அவர் அதைப் பார்த்தார்.

கதவைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், ஏழு பேரும் சாவோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

"அவ உள்ள வரணும்னு கேக்கல, டீச்சர்." சண்முகையா தன் வலது கையைப் பார்த்தார். "அண்ணே, பிள்ளைய மட்டும் வாங்கிக்கங்கன்னுதான் சொன்னா. தாழ்ப்பாள்ல என் கை இருந்துச்சு. நான் எடுக்கல."

விடிந்து கதவைத் திறந்தபோது படிகள்கூட இல்லையாம். வெறும் மணல்.

கடலே கண்ணில் படாத ஊராகப் பார்த்து அவர் வந்துவிட்டார். முதலில் ராஜபாளையம், அப்புறம் இங்கே. ஆனால் எங்கே இருந்தாலும், எந்தக் கரையில் புயல் ஏறினாலும், ஏறுகிற நேரத்துக்கு அவள் வந்துவிடுவாள். பதினாலு வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

தட்டல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை அதோடு குரலும் கேட்டது. தொண்டையில் தண்ணீர் நிறைந்த குரல்.

"அண்ணே."

ஞானசெல்விக்கு ஓடிப்போய் அறைக்குள் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. ஆனால் கதவில் முதுகைக் கொடுத்து, குழந்தை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. பின்னாளில் அந்த நிமிஷத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள். தான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று.

"அவ கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான, அண்ணாச்சி," என்றாள். "திறந்து வாங்கிக்கிடுங்க. இல்லேன்னா நீங்க சாகுற மட்டும் தட்டிக்கிட்டே இருப்பா."

அவர் எழுந்து உலக்கையை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

கதவு திறந்தது.

தெரு இல்லை.

எதிர்வீடு இல்லை, தெருக்குழாய் இல்லை. கறுப்பாகத் தண்ணீர் மட்டும், கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு, மூச்சு விடுவது போல ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சண்முகையா வாசற்படியில் மண்டியிட்டார். அவருடைய முதுகுதான் ஞானசெல்விக்குத் தெரிந்தது. இரண்டு கைகளையும் அவர் கீழே நீட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

திடீரென்று அவருடைய தோள்கள் பாரம் தாங்கித் தாழ்ந்தன.

எழுந்து திரும்பினார். நெஞ்சோடு அணைத்த கைகளுக்குள் ஒன்றுமே இல்லை. ஆனால் அவருடைய வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து கீழே நனைந்துகொண்டே வந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவர் சிரித்து அவள் பார்த்ததே கிடையாது.

"தூங்குது," என்று ரகசியமாகச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் மறுபடி தெரு இருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கதவுக் கம்பளியை அவரே பிய்த்து எறிந்துவிட்டார். நூல் கடைக்குப் போவதை நிறுத்தினார். கைகளை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பட்டாசாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். உட்கார்ந்தால் மடியை ஆட்டுவார். சாப்பிடக்கூட ஒரு கையைத்தான் எடுப்பார். வெயில் அடித்தாலும் அவர் சட்டையின் முன்பக்கம் காயவில்லை. வேறு சட்டை மாற்றினாலும் ஐந்து நிமிஷத்தில் ஈரமாகிவிடும். நெஞ்சில் தோல் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் ஊறின மாதிரி சுருங்கிப் போயிற்று. வள்ளித்தாய் பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குப் பனி ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார்.

ஞானசெல்வி அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஜெபம் பண்ணினாள். வேறு வீடு பார்க்கவும் செய்தாள், கிடைக்கவில்லை. தான் சொல்லித்தான் அவர் திறந்தார் என்ற எண்ணம் அவளைத் தின்றது. அவருடைய கைகள் நாளுக்கு நாள் கீழே இறங்கி வருவதை அவள் கவனித்தாள். முதலில் நெஞ்சில் இருந்தவை வயிற்றுக்கு வந்தன. முழங்கை நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்து நின்றன. குழந்தை வளரும் இல்லையா என்று ஒருநாள் அவர் தானாகவே சொன்னார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி அரைப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டார்கள். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போக ஞானசெல்வி பெட்டியைக் கட்டினாள். நல்ல வெயில் நேரம். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சொல்லிக்கொண்டு போகலாம் என்று பட்டாசாலைக்கு வந்தாள். சண்முகையா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, ஊருக்குப் போயிட்டு வாரேன். வள்ளித்தாய் சோறு கொண்டாருவா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கேட்பது போல அத்தனை சாதாரணமாகக் கேட்டார்.

"டீச்சர், ஒரு நிமிசம் பிடிங்க. கை ஓஞ்சுபோச்சு."

அவள் யோசிக்கவே இல்லை. ஒருவர் தூக்கமுடியாமல் ஒன்றை நீட்டினால் யாருக்கும் கை தானாக நீளுமே, அப்படித்தான் அவள் கைகளும் நீண்டன.

சண்முகையா தன் கைகளை விலக்கிக்கொண்டார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். சுவரோடு சரிந்து, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு கைகளும் விரிந்து பக்கத்துக்கு ஒன்றாக விழுந்தன. கண்கள் திறந்தே இருந்தன. அவர் மறுபடி மூச்சு இழுக்கவில்லை.

ஞானசெல்வியால் குனிந்து அவரைத் தொட முடியவில்லை. கத்தி யாரையும் கூப்பிடவும் முடியவில்லை. அவளுடைய கைகள் கனத்தன. மாரிலிருந்து வயிறுவரை சில்லென்று ஒரு ஈரம் இறங்கியது.

தறிச் சத்தத்துக்கு நடுவே, அவள் கழுத்துக்கு மிக அருகில், குழந்தை ஒன்று தூக்கம் கலைந்து சிணுங்கியது. விறைத்த சின்ன விரல்கள் அவளுடைய முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.