பதினோரு புள்ளிகள்

அவர் இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஆனால் அப்போதுதான் திறந்த மூளைப் படத்தில் ஏற்கெனவே மூன்று வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைத் திருத்துவது அவர் வேலை. ஸ்கேன் எந்திரம் சில இடங்களை மங்கலாக எடுத்துவிடும். அங்கே இவர் புள்ளி வைத்தால், 'இதுவும் நல்ல மூளைதான்' என்று கணினி மறுபேச்சில்லாமல் நம்பி, ஆரோக்கியத்துக்கான நீல நிறத்தைப் பூசிவிடும்.

போன வருஷம் ஒரு தையல்காரம்மா ஸ்கேன் எடுக்க வந்தபோது, "கத்திரிக்கோல் கையில நிக்க மாட்டேங்குது சார்" என்றாள். படத்தில் இடப்பக்கம் மங்கல். அது சாப்பாட்டு நேரம், இவருக்கோ பசி. பழியை எந்திரத்தின் மேல் போட்டுவிட்டுப் பதினோரு புள்ளிகளைக் குத்தினார். மூன்றே மாதத்தில் அவள் செத்துப்போனாள்.

"நல்லா இருக்குன்னு யார் சார் சொன்னது?" என்று அவள் கணவன் வந்து கேட்டான்.

இவர் கூசாமல் கணினியைக் காட்டினார். அதற்கு வாயா இருக்கிறது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

டக்.

நான்காவது புள்ளி தானாக விழுந்தது. மதிய உணவுக்கு எல்லோரும் போய்விட்ட அறையில், மூடிய ஜன்னல்களையும் குளிரூட்டியின் முனகலையும் தாண்டி, எங்கிருந்தோ தையல் மெஷின் எண்ணெய் வாசனை மெல்ல வந்து அவர் சட்டைக் காலரில் படிந்தது. படத்தின் மூலையில் பெயரைப் பார்த்தார். அவருடைய பெயர். போன வாரம் எந்திரத்தைச் சோதிக்க அவரேதான் உள்ளே படுத்திருந்தார்.

டக். வலது கட்டைவிரல் மரத்தது.

அழித்தார். அழித்த இடத்திலேயே மறுபடி விழுந்தது. டக். டக். கை முழுக்கப் போயிற்று. மவுஸ் நழுவியது. 'தையல்காரம்மா, மன்னிச்சிடு' என்று சொல்ல நினைத்தார். சொல் வரவில்லை. மகளைக் கூப்பிட நினைத்தார். அவள் பெயர் என்ன?

டக்.

ஒன்பது. பத்து.

பதினொன்று.

படம் முழுக்க நீலமானது.

"அண்ணே, சாப்பிட வரலையா?" கூட வேலை செய்யும் பெண் கதவைத் திறந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். "யாரோடதுண்ணே? சுத்தமா இருக்கே. நானே அனுப்பிடறேன்."

அனுப்பினாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். இடது காதிலிருந்து ஒரு வெள்ளை நூல் தோள்வரை தொங்கியது. பல்லால் கடித்து அறுத்த முனை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது.