எட்டுத் திருகுகள்

மாலை மணி நாலு பத்து. ஏழு மணிக்கு மேடை. டிரம் டீச்சர் தன் பழைய ஸ்நேர் டிரம்மின் பெட்டியைத் திறந்தாள். டிரம்மின் மேல் தோல் புத்தம் புதுசாகப் பளபளத்தது. பழைய தோலைக் காணோம்.

மற்றவர்களுக்கு அது தேய்ந்துபோன பிளாஸ்டிக் வட்டம். அதன் ஓரத்தில் அவள் அண்ணன் பேனாவால் எழுதிய ஒரு வரி இருந்தது: ‘மெதுவா, பாப்பா.’ அண்ணன்தான் அவர்களுடைய பாட்டுக் குழுவின் பாடகன். பாட்டு சூடு பிடித்தால் தங்கையின் தாளம் தலைதெறிக்க ஓடும். அவன் மூச்சிரைக்கப் பாடித் துரத்துவான். ஒருமுறை வேனிலிருந்து டிரம்மைக் கீழே போட்டு இரும்பு வளையத்தைக் கோணலாக்கியவனும் அவனே. “அதுக்கு வலிக்கல, நீ ஏன் அழற?” என்று சிரித்தான். அவன் இறந்து ஆறு வருடம். இன்று பழைய குழு மறுபடி கூடுகிறது. அந்த வரி கண்ணெதிரே இல்லாமல் அவள் ஒரு மேடையும் ஏறியதில்லை.

சாமான் ஏற்ற வந்திருந்த மாணவர்கள் மூவரையும் நிறுத்தினாள். காலையில் இந்த அறைக்குத் தனியாகப் பயிற்சி செய்ய வந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

“பத்து மணிக்கு நான்,” என்றார் ஸ்டுடியோக்களில் வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர். “உங்க பெட்டியைத் தொடவே இல்ல.”

“பதினொன்னுக்கு நான்,” என்றாள் டிரம் வாசிப்பில் மூன்றாம் நிலையில் இருக்கும் பள்ளி மாணவி. “தோல் மாத்தத் தெரியும். ஆனா மாத்தல டீச்சர்.”

“பன்னிரண்டுக்கு நான்,” என்றார் டயர் கடைக்காரர். “எனக்குக் குச்சி பிடிக்கவே ரெண்டு வாரமாச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வளையத்தின் எட்டுத் திருகுகளும் அச்சு அசலாக ஒரே அளவு இறங்கியிருந்தன. ஓரத்தைச் சுற்றித் தட்டினாள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் தொளதொளத்தது.

“டயர் அண்ணே, பழைய தோல் எங்க?”

அவர் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார். “எப்படிம்மா தெரிஞ்சுது?”

“வளையம் கோணல். காதால கேட்டு முடுக்கினா திருகுங்க ஏத்த இறக்கமாத்தான் நிக்கும். இவங்க ரெண்டு பேரும் சத்தத்தைக் கேட்காம விட மாட்டாங்க. இது கையோட வேலை. சக்கரத்துக்கு நட்டு போடற மாதிரி எதிரெதிரா, ஒரே அளவா. காதால முடுக்கறதை நான் உங்களுக்கு இன்னும் சொல்லியே தரல.”

“தேஞ்ச டயரோட நான் யாரையும் கடையை விட்டு அனுப்ப மாட்டேன்மா. நீங்க தேஞ்சதோட மேடை ஏறலாமா? புதுசு வாங்கி, சொல்லாம மாத்தி வச்சா சந்தோஷப்படுவீங்கன்னு…”

“அதுல எழுத்து இருந்துச்சே!”

“ஏதோ கிறுக்கல்னு நினைச்சேன். கடையில கழிவு மூட்டையில போட்டேன். அஞ்சு மணிக்கு வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும்.”

அப்போது மணி நாலு முப்பத்தைந்து. நால்வரும் டயர் கடைக்கு ஓடினார்கள். மூன்றாவது மூட்டையைக் கவிழ்த்தபோது, கிழிந்த ட்யூப்களுக்கு நடுவே தோல் வந்து விழுந்தது. எழுத்து அழியவில்லை. டீச்சர் அதைப் புடவை முந்தானையால் துடைத்தாள், அழுதுவிட்டாள்.

பழைய தோலை மாட்டும் வேலையையும் டயர் கடைக்காரரிடமே கொடுத்தாள். அவர் முடுக்க, அவள் தட்டினாள். “இங்க இன்னும் கால் சுத்து. கையை நம்பாதீங்கண்ணே, கேளுங்க.”

“ஆமாம்மா,” என்றார் அவர், காதைக் கிட்டே வைத்து. “இப்பக் கேக்குது.”

மேடையில் முதல் பாட்டின் இரண்டாவது சரணத்திலேயே அவள் தாளம் ஓட ஆரம்பித்தது. குனிந்து அண்ணன் எழுதிய வரியைப் பார்த்தாள்.

“சரிண்ணா,” என்று சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.