மேடைக்கு அடியில் மத்துரீன்

பூட்டிக் கிடந்த எங்கள் நாடகக் கொட்டகையை ஓபராக்காரர்கள் திறந்த அன்று வெளியே நல்ல வெயில். உள்ளே கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. ஒரு காலத்தில் பிரபுக்கள் பந்தாடிய கூடம் அது. ஜன்னல்கள் எல்லாம் கூரையை ஒட்டி உயரத்தில் இருக்கும். ரூவான் நகரத்து வெளிச்சம் அங்கிருந்து இறங்கி மேடைக்கு வந்து சேர்வதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். எலிப்புழுக்கை வாடையும், பழைய கொழுப்பு மெழுகுவத்தி வாடையும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு நடுவே இன்னொரு வாசனையும் வந்தது.

சோம்பு.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மேடையேறும் முன்பு சோம்பு மெல்லுகிறவள் எங்கள் மத்துரீன் ஒருத்திதான். அவள் செத்த பிறகுதான் இந்தக் கொட்டகையைப் பூட்டினார்கள்.

என் பெயர் பெரீன். முப்பது வயதிலிருந்தே இங்கே கிழவி வேடமெல்லாம் எனக்குத்தான். இப்போது வேடம் போடத் தேவையில்லை. மத்துரீன் வேலைக்காரி வேடக்காரி. ‘பூட்டிய வீடு’ என்று ஒரு நகைச்சுவை நாடகம். அதில் பாபெத் என்ற வேலைக்காரியாக அவள் வந்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கடைசிக் காட்சியில் எஜமானர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “மண்டியிட்டு மன்னிப்புக் கேளுடி!” என்று கத்துவார். பாபெத் அவரை மேலும் கீழும் பார்ப்பாள்.

“முழங்கால் வலிக்குது எஜமான். அந்த நாற்காலியக் குடுங்க, உக்காந்து யோசிக்கிறேன்.”

அவர் எழுந்திருக்க மாட்டார். அவள் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிடுவாள். திரை விழும்.

எங்கள் நாட்டில் நாடகக்காரர்கள் செத்தால் புதைக்கக் கோயில் மண் கிடையாது. ‘நடித்தது பாவம்’ என்று சாகும்போது எழுதிக் கொடுத்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி. காய்ச்சலில் கிடந்த மத்துரீனிடம் பங்குச் சாமியார் காகிதத்தோடு வந்தார். “மண்டியிட்டு மனஸ்தாபப்படு மகளே” என்றார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “முழங்கால் வலிக்குது சாமி” என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

ஆற்றோரம் செத்த குதிரைகளைப் போடும் இடத்தில் போடச் சொன்னார்கள். விடுவேனா? நானும் எங்கள் தச்சரும் மேடைப் பலகைகளைப் பெயர்த்து, அடியிலேயே குழி தோண்டி அவளைப் படுக்க வைத்தோம். எஜமானர் நாற்காலி போடுகிற இடத்துக்கு நேர் கீழே. அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது அதே நாடகத்துக்கு வோக்லென் என்பவர் மெட்டுப் போட்டு ஓபரா ஆக்கியிருந்தார். பாபெத்தாகப் பாட வந்தவள் மத்துரீனின் மகள் ஒதீல். பாரிசில் சங்கீதம் படித்தவள். ஓபராப் பாடகர்கள் ராஜாவின் அனுமதி பெற்ற சபையைச் சேர்ந்தவர்களாம், அவர்களைக் கோயில் ஒதுக்காதாம். ஒரே வசனம், பேசினால் பாவம், பாடினால் பாவமில்லை! இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் வயிறு எரியும்.

ஒதீலின் வயிற்றில் பிள்ளை. வாத்தியக் குழுவில் கொம்பு ஊதும் லுபேன்தான் தகப்பன். கலியாணத்தைக் கோயிலில் அறிவிக்கும் ஓலையை வாசிக்கச் சாமியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஓபராவின் முடிவில் பாபெத் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். தாய் மாட்டேன் என்றதை மகள் ஊரறியச் செய்ய வேண்டும். வோக்லென் அதற்கென்றே மனம் உருகும் ஒரு பாட்டையும் எழுதிவிட்டார்.

முதல் ஒத்திகையில் ஒதீல் பாவாடையைக் கூட்டிப் பிடித்து மண்டியிட்டாள்.

டொக்.

“எலி!” என்றார் வோக்லென். “மறுபடி பாடும்மா.”

அவள் மறுபடி மண்டியிட்டாள்.

டொக். டொக். டொக்.

மேடையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரை எழுவதற்கு முன் தடியால் தரையில் மூன்று முறை தட்டுவது எங்கள் வழக்கம். இது தடி தட்டிய சத்தம் இல்லை. கீழேயிருந்து வந்தது.

ஒத்திகை முடிந்ததும் ஒதீல் என்னை ஒப்பனை அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அத்தை, கீழ என்ன இருக்கு?”

“எலி.”

“எந்த எலி அத்தை மூணு தடவ எண்ணித் தட்டும்? பலக என் முழங்காலத் தள்ளிச்சு. கீழயிருந்து மேல தள்ளிச்சு.”

சொல்லிவிட்டேன். வேறென்ன செய்வது? அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அம்மாவுக்கு எம்மேல கோவம்” என்றாள்.

“பின்ன என்ன, கொஞ்சுவாளா?”

“எம்புள்ளைக்குக் கோயில் புஸ்தகத்துல பேரு வேணும் அத்தை. தகப்பன் பேரு தெரியாததுன்னு ஊரு ஏசக் கூடாது. நான் மண்டி போடத்தான் போறேன்.”

“போடு. யாரு தடுத்தா?” என்றேன். ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. ஒரு பச்சைக் குழந்தையின் பெயரை வைத்துத் தாயின் முழங்காலை மடக்கப் பார்க்கிறவர்கள் மேல்.

அரங்கேற்றத்தன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. சாமியார் நாடகக் கொட்டகைக்குள் வரக்கூடாது. கோயில் மணி அடிப்பவனை அனுப்பியிருந்தார். அவன் முன்னால் உட்கார்ந்து, ஒதீலின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாட வராது என்பதால், மேடை ஓரத்தில் துடைப்பத்தோடு நிற்கும் கிழவி வேடம். எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கடைசிக் காட்சி. எஜமானராக நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோதார், கனத்த குரலில் ‘மண்டியிடு’ என்று பாடினான். வயலின்கள் இழைந்தன. ஒதீல் பாவாடையைக் கூட்டிப் பிடித்தாள்.

சோம்பு வாசனை வந்தது.

மேடை விளிம்பில் வரிசையாக எரிந்த மெழுகுவத்திச் சுடர்கள் எல்லாம் நாற்காலிப் பக்கமாகச் சாய்ந்தன. காற்றே இல்லை.

ஒதீல் குனிந்தாள். அவள் முழங்கால் பலகையைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

டொக்.

டொக்.

டொக்.

லுபேன் கொம்பை வாயிலிருந்து எடுத்தான். ஒவ்வொருவராக எல்லாரும் வாசிப்பை நிறுத்தினார்கள். அப்போது யாரோ பேசினார்கள். பாட்டில்லை, பேச்சு. தொண்டையில் மண் அடைத்தது மாதிரி ஒரு குரல்.

“முழங்கால் வலிக்குது எஜமான்.”

ஒதீலின் உதடுகள் மூடியிருந்தன. நான் சத்தியமாகப் பார்த்தேன்.

கோதார் எழப் பார்த்தான். முடியவில்லை. அவன் தொடைகள் மெத்தைக்குள் அமுங்கின. கால்சட்டைத் துணி கசங்கி, பளு தாங்காமல் நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டன.

“யாரோ... எம்மடியில...” என்றான். பிறகு பெண்பிள்ளை மாதிரி அலறிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து விழுந்து, ஓரத்துத் திரைக்குள் தவழ்ந்து ஓடினான்.

மாடியில் ஒரு மீன்காரி சிரித்தாள். அவ்வளவுதான், கொட்டகை முழுவதும் வெடித்தது. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். அது ஓபராச் சிரிப்பு இல்லை, எங்கள் சிரிப்பு.

ஒதீல் குனிந்தபடியே இருந்தாள். ஒரு கை வயிற்றில். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். முன்னால் இருந்த மணியடிப்பவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியே அவள் அம்மாவின் பார்வை. பிறகு பாடாமல், பேசினாள்.

“அந்த நாற்காலியக் குடுங்க, உக்காந்து யோசிக்கிறேன்.”

போய் உட்கார்ந்தாள். திரை விழுந்தது.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நாற்காலி காலியா இல்ல” என்று காதோடு சொன்னாள். “நான் மடியிலதான் உக்காந்தேன்.”

கோயிலில் ஓலை வாசிக்கவில்லை. வோக்லென் அன்று கோபத்தில் குதித்தார். மறுநாள் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், அந்த வசனம் பேசுவதற்காகத் தன் சங்கீதத்தில் ஓர் இடைவெளி விட்டு எழுதினார். கலியாணம் மேடையில் நடந்தது. மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். பெண் குழந்தை பிறந்தது. கோயில் புத்தகத்தில் இடமில்லை என்றார்கள், அதனால் தச்சர் மேடைப் பலகையிலேயே பெயரைச் செதுக்கினார். மத்துரீன் என்று.

இந்தக் குளிர்காலத்தில் நான் இருமினால் ரத்தம் வருகிறது. அதைக் கேள்விப்பட்டுச் சாமியார் காகிதத்தை அனுப்பியிருந்தார். “முழங்கால் வலிக்குதுன்னு போய்ச் சொல்லுப்பா” என்று கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பயமாக இல்லையா என்றால், இருக்கிறது. அதற்காக ஊரைச் சிரிக்க வைத்ததைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று மத்தியானம் கொட்டகை காலியாக இருந்தது. தச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு போய், அவரை வாசலில் நிறுத்திவிட்டு, தனியாக மேடையேறினேன். நாற்காலி போடும் இடத்தில் ஒருக்களித்துப் படுத்துப் பலகையில் காதை வைத்தேன்.

“அடியே மத்துரீன், நானும் வரேன். கொஞ்சம் தள்ளிப் படு” என்றேன்.

சத்தமில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. கிழட்டு மூளை என்று திட்டிக்கொண்டு, எழுவதற்காகக் கையை ஊன்றினேன்.

பலகைக்கு அடியில், மண்ணில், கனமான ஏதோ ஒன்று மெல்ல உராய்ந்து, ஒரு பக்கமாக நகர்ந்து படுத்தது.