ராணி ஊற்றிய டீயில் ஒரு மரணம்!

"உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா!"

போனில் கரகரத்த குரல்.

மெய்ர்ஜானுக்கு வாயில் இருந்த பவுர்சாக் பணியாரம் தொண்டையில் அடைத்தது.

"யா... யாரு?"

"ஐமாரலைக் கொன்னியே... அதே மாதிரி நீயும் சாவே! இன்னைக்கு சாயங்காலம்!"

டொக்!

புகார் கொடுத்த அரை மணி நேரத்தில் அல்மாட்டி நகர போலீஸ் கேப்டன் தொல்கனாய் அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"எந்த ஐமாரலைப்பா கொன்னே? பிணம் எங்கே?"

"பிணமே கிடையாது மேடம். விண்கப்பல் ஓட்டற பொண்ணு. நான் கதை எழுதின வீடியோ கேம்ல வர்றா..."

கேப்டனின் முகம் சிவந்தது.

"அவளைக் கொன்ன பாவி நீதானா?"

"மேடம்! நீங்களும் அதை ஆடறீங்களா?"

"ஆடறேன். அழறேன்! அதை விடு. ஆடறவங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு, என்ன பிடிக்கலை? சொல்லு. பகை அதுலதான் ஒளிஞ்சிருக்கும்."

மெய்ர்ஜான் கம்ப்யூட்டரைத் திருப்பினான். உயிர் போகிற நேரத்தில் விமர்சனம் படிக்க வேண்டிய தலையெழுத்து!

"கப்பலை இஷ்டத்துக்கு மாத்திக் கட்டறது பிடிச்சிருக்காம். சண்டை பிரமாதமாம். ஆனா ஒவ்வொரு கதவும் திறக்கறதுக்குள்ள தூக்கம் வருதாம். வில்லன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறானாம்..."

"வாஸ்தவம். நான் அதுக்குள்ள துணியே காயப்போட்டுட்டு வந்துடுவேன்."

"முடிவுலதான் குழப்பம் மேடம். வெளிநாட்டுக்காரங்க அஞ்சு நட்சத்திரம் போடறாங்க. ஐமாரல் கல்யாணத்துல ஆனந்தக் கண்ணீராம். நம்ம ஊர்க்காரங்க மொத்தப் பேரும் ஒரே நட்சத்திரம். 'ஏண்டா கொன்னே?'ன்னு கேக்கறாங்க."

"கல்யாணமா? எனக்கு அவ ஒவ்வொரு தடவையும் செத்துத்தானே போறா!"

அவனுக்கும் அதுதான் புரியவில்லை. பாவம், வெளிநாட்டில் பிராக் நகரில் வளர்ந்த பையன். அல்மாட்டிக்குத் திரும்பி ஒரு வருடம்தான் ஆகிறது. கேப்டனுக்கு டீ ஊற்றி நீட்டினான். கிண்ணம் தளும்பத் தளும்ப!

கேப்டன் விருட்டென்று எழுந்தாள்.

"கிளம்புன்னு வாயாலயே சொல்லியிருக்கலாமே!"

"ஐயோ! நான் எப்ப சொன்னேன்?"

"நம்ம ஊர்ல கிண்ணம் நிறைய ஊத்தினா என்னப்பா அர்த்தம்? குடிச்சிட்டு நடையைக் கட்டுன்னுதானே! மரியாதைன்னா பாதி கூட ஊத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா திரும்பத் திரும்ப ஊத்தணும்!"

மெய்ர்ஜானுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மேடம்... கேம்ல அந்தப் பச்சைக் கிரகத்து ராணி... கடைசி விருந்துல..."

"அவளா? திமிர் பிடிச்சவ! நிறைய ஊத்தி நீட்டுவா. நான் உடனே எழுந்து வந்துடுவேன்."

"உட்கார்ந்து குடிக்கணும் மேடம்! வெளிநாட்டுக்காரங்க குடிக்கறாங்க, கல்யாணம் நடக்குது! அவ பிரியமாத்தான் ஊத்தறா! எழுந்து போனா கோபப்பட்டு ஏவுகணையை விடுவா. அதுலதான் ஐமாரல்..."

கேப்டன் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர்.

"அட ஆண்டவா... நாங்களேதான் கொன்னோமா?"

ட்ரிங்... ட்ரிங்!

மெய்ர்ஜான் அலறினான்.

"மேடம்... அவன்தான்!"

கேப்டன் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"டேய் கொலைகாரா! கேளு. ராணி டீ ஊத்தினா எழுந்திருக்காதே. குடி! ஐமாரல் பிழைச்சுக்குவா. இன்னொரு தடவை இங்க போன் பண்ணே... முட்டியைப் பேத்துடுவேன்!"

மறுமுனையில் படபடவென்று கீபோர்டு தட்டும் சத்தம்...

பிறகு ஒரு விம்மல்!

கரகரப்பு காணாமல் போய்க் குரல் குழைந்தது.

"பிழைச்சுட்டா... பிழைச்சுட்டா தொல்கனாய்!"

கேப்டன் துள்ளி எழுந்து, போனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

"க... கர்னல் சார்!"

லைன் கட்டானது. மெய்ர்ஜான் கேப்டன் பக்கம் திரும்பினான்.

"மேடம்... அவரைக் கைது பண்ணுவீங்களா?"

"பண்ணலாம் தம்பி. கைது உத்தரவுல அவர்தான் கையெழுத்துப் போடணும்... இப்ப ஐமாரல் கல்யாண வீட்ல பிஸியா இருக்கார்!"