ஐந்தாம் அலகை யாரும் படிப்பதில்லை

இயற்பியல் இரண்டாம் தாள் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பொருநை அறிவியல் பல்கலைக்கழகத்தின் எல்லாக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சாவகாசமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது பதினான்காவது கேள்வி, பதினைந்து மதிப்பெண். அதற்கு எல்லோரும் கேள்வி எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அவர்கள் அறிந்தவரை அதுதான் சரியான விடை.

தேர்வெழுதியவர்கள் 4,112 பேர். அதில் 4,111 பேரின் பக்கம் காலி. புன்னைக்காயலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிரிஸ்காவின் விடைத்தாளில் மட்டும் மூன்றரைப் பக்கத்துக்கு விடை இருந்தது.

இதில் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்கு நிரவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறி வருவதற்கு முன்பு அறிவியல் மாணவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வருஷம் வேதியியல் தாள் அல்வாவாக வரும், இயற்பியல் தாள் ஆளையே கவிழ்த்துவிடும். ஒரு பேராசிரியர் அள்ளிக் கொடுப்பார், அடுத்தவர் அரை மதிப்பெண்ணுக்கு அழ வைப்பார். நிரவி இந்த அநியாயத்தை ஒழித்தது. தாள் எவ்வளவு கடினம், திருத்தியவர் எவ்வளவு கறார் என்றெல்லாம் அளந்து, மாணவர் எடுத்த பச்சை மதிப்பெண்ணை நிரவல் மதிப்பெண்ணாக மாற்றித் தரும். தாள் கடினமென்றால் எல்லோரையும் தூக்கிவிடும், எளிதென்றால் இறக்கிவிடும். மொத்தச் சராசரி அறுபதை விட்டு நகராது. சான்றிதழில் அச்சாவதும் தேர்ச்சியைத் தீர்மானிப்பதும் நிரவல்தான். பச்சை மதிப்பெண்ணை யாருக்கும் காட்டுவதுகூட இல்லை.

ஜனங்களுக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. கல்யாண விளம்பரத்தில் 'மணமகன் நிரவல் 74' என்று போட்டார்கள். ஓட்டலில் தோசை சரியில்லை என்றால், "மழை நேரத்து மாவு சார், நிரவிப் பார்த்தா நல்ல தோசைதான்" என்று சமாதானம் சொன்னார்கள்.

பொறியை வடிவமைத்தவர்கள் நம் ஊரின் பழைய வழக்கம் ஒன்றையும் அதற்குள் வைத்தார்கள். கேள்வி தவறாக இருந்தால், முயன்றவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண். எண்ணை எழுதியிருந்தாலே முயன்றதாகக் கணக்கு. கேள்வி தவறென்று பொறிக்கு எப்படித் தெரியும்? ஒருவர்கூட அதில் ஒரு மதிப்பெண்ணும் எடுக்கவில்லை என்றால் குற்றம் கேள்வியுடையது.

மாணவர்கள் இதைக் கண்டுபிடிக்க இரண்டே வருஷம் ஆனது. அன்றிலிருந்து முப்பது வருஷமாகப் பதினான்காம் கேள்வியை யாரும் தொடவில்லை. அது எப்போதும் பாடத்திட்டத்தின் ஐந்தாம் அலகிலிருந்து வரும் என்பதால் ஐந்தாம் அலகை யாரும் படிப்பதில்லை. படிக்காமல் பட்டம் வாங்கியவர்களே பிறகு பேராசிரியர்களாக வந்ததால் அதை யாரும் நடத்துவதும் இல்லை. ஒரே ஒருவர் சரியாக எழுதிவிட்டால் போதும், மற்ற அத்தனை பேருக்கும் பதினைந்து போய்விடும்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே?" என்றாள் இசக்கி. பிரிஸ்காவின் அறைத்தோழி. தேர்வு மண்டபத்தில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, இவள் எழுதுவதைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தாள்.

"எழுதணும்னு நினைச்சு எழுதலட்டி. கேள்வியைப் படிச்சேன். அப்புறம் கை நிக்கல."

"அந்தக் கேள்வியை எதுக்குட்டி படிச்சே? அதை யாராவது படிப்பாவளா?"

கேள்வி இதுதான்: ஆற்று முகத்துவாரத்தில், அலையே இல்லாத நீரில், முழு விசையில் ஓடும் படகு வேகம் இழப்பது ஏன்? கணக்கிட்டு நிறுவுக.

"மழை முடிஞ்சு ஆத்துத் தண்ணி வார சமயத்துல எங்கப்பா வள்ளம் அப்படியே நின்னு போவும்" என்றாள் பிரிஸ்கா. "மோட்டார் ஓடும், வள்ளம் நகராது. கீழேருந்து யாரோ பிடிச்சு இழுக்காங்கன்னு சொல்லுவாவ. சின்னப் பிள்ளையிலேருந்து எனக்கு அதுக்குக் காரணம் தெரியணும். ஐந்தாம் அலகுல அது இருக்குன்னு பார்த்ததும் லைப்ரரில தேடிப் படிச்சேன். அதையே பரீட்சையில கேட்டா எப்படி சும்மா இருக்க?"

இசக்கி கட்டிலில் உட்கார்ந்தாள். இந்தத் தாளை அவள் எழுதுவது மூன்றாவது முறை. இதிலும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, பட்டம் மட்டும்தான் பாக்கி. முப்பத்தெட்டு வரும் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். அதோடு பதினைந்து சேர்ந்தால் ஐம்பத்து மூன்று. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

"விலக்கல் மனுன்னு ஒண்ணு இருக்கு" என்றாள் கடைசியில். "எழுதுன விடையை வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாம். உங்கிட்ட வேற எதுவும் நான் கேட்டதில்ல பிரிஸ்கா."

உண்மைதான், கேட்டதில்லை. பிரிஸ்கா டைபாய்டில் கிடந்தபோது பதினொரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். பிரிஸ்கா அன்றைக்கே மனுவை எழுதினாள். கையெழுத்துப் போடத்தான் மனம் வரவில்லை. அந்த மூன்றரைப் பக்கம்போல வேறெதையும் அவள் வாழ்நாளில் எழுதியதில்லை. தோழியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. விடையைக் கைவிட அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தேர்வாணையர் தாணுலிங்கத்தின் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரையும் சேர்த்து ஐவரும் இயற்பியல் பேராசிரியர்கள். முடிவுகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. மற்ற விடைகளையெல்லாம் பழைய விடைகளோடு ஒப்பிட்டு இப்போதெல்லாம் தானே திருத்திவிடும் நிரவி, இந்த விடைக்கு ஒப்பிட எதுவும் இல்லாமல், 'மனிதர் திருத்தித் தருக' என்று திரையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"உக்காரும்மா. பயப்படாதே" என்றார் தாணுலிங்கம். "மனு கொண்டாந்திருக்கியா? ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"கொண்டாந்திருக்கேன் சார். அதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும். என் விடை சரியா, தப்பா?"

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்புன்னா சைபர் போட்டிருங்க சார். அப்ப எல்லாருக்கும் பதினஞ்சு கிடைச்சிரும். மனுவே வேண்டாம்."

"எப்படிம்மா சைபர் போட?" என்றார் பேராசிரியர் ஹமீதா பானு. அவருக்கு மூடி மறைத்துப் பேச வராது. "ஒரு வாரமா இந்தப் பேப்பர் எங்க அஞ்சு பேர் கையிலயும் சுத்திட்டிருக்கு. எங்களுக்கே புரியல. நாங்களும் இதே யுனிவர்சிட்டியில படிச்சவங்கதான். எங்க காலத்துலயும் நம்பர் மட்டும்தான் போட்டோம்."

"மேடம், அதைப் போய் பிள்ளைகிட்ட..." என்று தாணுலிங்கம் நெளிந்தார்.

"புரியாத விடைக்கு நான் சைபரும் போட மாட்டேன் சார், பதினஞ்சும் போட மாட்டேன்."

பிரிஸ்கா சுற்றிலும் பார்த்தாள். சன்னலோரம் தேர்வாணையரின் மீன்தொட்டி இருந்தது. "செஞ்சு காட்டட்டுமா சார்?" என்றாள்.

மீன்கள் வாளிக்குப் போயின. கேன்டீனிலிருந்து உப்பு வந்தது. தொட்டியின் பாதிவரை உப்புநீரை நிரப்பி, விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையை அதில் கலந்தாள். அதன்மேல் ஒரு தாளை மிதக்கவிட்டு, நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். கனமான உப்புநீர் கீழேயும் லேசான ஆற்றுநீர் மேலேயுமாக இரண்டு அடுக்கு. ஒரு சோப்பு டப்பா மூடியில் நூல் கட்டி, நூலின் மறுமுனையைத் தொட்டி விளிம்புக்கு வெளியே போட்டு, மூடியை இழுக்க அதில் சின்ன எடையைத் தொங்கவிட்டாள். அதே மூடி, அதே எடை. முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்த இன்னொரு தொட்டியில் விட்டபோது மூடி விறுவிறுவென்று போனது. இங்கே அடம்பிடித்து நகர்ந்தது.

"மேல பார்த்தா தண்ணி ஆடவே இல்லையே!" என்றார் தாணுலிங்கம்.

"கீழ பாருங்க சார்."

சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில், மூடிக்கு நேர் கீழே, பெரிய அலை ஒன்று எழுந்து கூடவே ஊர்ந்துகொண்டிருந்தது. படகின் விசையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த அலையை எழுப்பவே செலவாகிவிடுகிறது என்று பிரிஸ்கா விளக்கினாள். அலையின் வேகத்தை விடைத்தாளில் தான் கணக்கிட்டிருந்த வரியைக் காட்டினாள். ஹமீதா கைக்கடிகாரத்தை வைத்து அளந்தார். கணக்கு ஒத்துவந்தது. தாணுலிங்கம் நாற்காலியை விட்டிறங்கி, தரையில் மண்டியிட்டு, "இன்னொரு தடவை விடும்மா, இன்னொரு தடவை" என்றார். மனுவை ஐந்து பேருமே மறந்துபோனார்கள்.

ஹமீதா பேனாவை எடுத்துப் பதினைந்து போட்டுக் கையெழுத்திட்டார். அப்போதுதான் பிரிஸ்காவுக்கு இசக்கியின் நினைவு வந்தது. சந்தோஷம் அப்படியே வடிந்தது. "சார், எங்கூட இருக்கிற பிள்ளை ஒருத்தி... பதினஞ்சு இல்லாட்டி அவ பெயிலாயிருவா" என்று அழத் தொடங்கினாள்.

தாணுலிங்கத்தின் மேசையில் ஒரு பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. இவள் மனுவில் கையெழுத்துப் போடுவாள் என்ற நம்பிக்கையில், எல்லோருக்கும் பதினைந்து சேர்த்து எடுத்தது. நிரவி இப்போது பதினைந்து சேர்க்காத புதுப் பட்டியலைத் தள்ளியது. ஹமீதா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இசக்கியின் பெயரைத் தேடினார். பழையதில் 52. புதியதிலும் 52.

அடுத்த பெயரைப் பார்த்தார். 67, 67. அடுத்தது 44, 44. பிரிஸ்காவைத் தவிர ஒருவருக்கும் ஓர் எண்கூட மாறவில்லை.

"அட ஆண்டவனே" என்றார் ஹமீதா. "எல்லாருக்கும் பதினஞ்சு கூட்டினா சராசரியும் பதினஞ்சு கூடும். பேப்பர் ஈஸின்னு நினைச்சு நிரவி எல்லாரையும் திரும்ப அந்தப் பதினஞ்சு இறக்கிடும். கூட்டாட்டி பேப்பர் கஷ்டம்னு நினைச்சு தானே தூக்கிவிட்டுடும். முப்பது வருஷமா இந்தக் கையால கொடுத்ததை அந்தக் கையால வாங்கிட்டிருக்கு!"

சராசரி என்பது முதல் அலகிலேயே இருக்கிறது. அதை எல்லோரும் படித்திருந்தார்கள், நடத்தியும் இருந்தார்கள்.

தாணுலிங்கம்தான் முதலில் மிரண்டார். "இது வெளிய தெரிஞ்சா அடுத்த வருஷம் நாலாயிரம் பேரும் எழுதுவானுங்களே. யாரு திருத்துறது?"

விடுதியில், பிரிஸ்கா கொண்டுவந்த இரண்டு பட்டியலையும் இசக்கி மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்த அம்பத்திரண்டும் நானே எடுத்ததா? யாரும் சும்மா போட்டதில்லையா?"

"நீயே எடுத்ததுட்டி."

இசக்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. முதல் தடவையே ஐந்தாம் அலகையும் படித்திருந்தால் இரண்டு வருஷம் வீணாகியிருக்காதே என்று எல்லோரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள்.

அந்தக் கோடையில் பல்கலைக்கழகப் பேரவைக் கூடத்தில் ஐந்தாம் அலகுக்குச் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பமானது. நூற்று நாற்பத்து மூன்று பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். தாணுலிங்கமும் ஹமீதாவும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். வேலையில் சேர்ந்து, வார விடுமுறையில் வந்திருந்த இசக்கி வாசலில் வருகைப் பதிவேட்டோடு நின்றாள். பிரிஸ்கா முதல் பத்து நிமிடம் தடுமாறினாள், பிறகு கரும்பலகை போதாமல் போனது.

வகுப்பு முடிகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பேராசிரியர் கை தூக்கினார். "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இது பரீட்சைக்கு வருமா?"

பிரிஸ்கா வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து இசக்கி சொன்னாள்: "வரும் சார். திருத்தப் போறது நீங்கதான்."

அவர் அவசரமாகப் பக்கத்திலிருந்தவரிடம் ஒரு பேனா கடன் கேட்டார்.