இருநூற்றுப் பன்னிரண்டாவது பிராணி

நூற்று முப்பத்தெட்டாவது பிராணி மேல்வீட்டு நாயைப் போலவே குரைத்தது.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்ட வலது காலை இரண்டு தலையணைகள் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி, உள்ளங்கை அகலத் திரைக்குள் அவள் ஆடிக்கொண்டிருந்த கேமில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கத்தல் உண்டு. அதுவரை வந்ததெல்லாம் கீச்சென்றும் கிர்ரென்றும் பொம்மைச் சத்தங்கள். இது அப்படியில்லை. இரண்டு குட்டைக் குரைப்பு, ஒரு இழுப்பு, கடைசியில் மூச்சு முட்டியது போல ஒரு செருமல். பேருந்து நிலையத்தில் பதினோரு வருடமாக ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கிறவள் அவள். ஹாரனைக் கேட்டே எந்த வண்டி உள்ளே வருகிறது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காது ஏமாறுகிற காது அல்ல.

அறிவிப்பு அறைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது, லாரி ஓட்டும் தம்பிதான் அந்தக் கேம் பெட்டியைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தான். "பொழுது போகும்க்கா. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பிராணி. அத்தனையும் பிடிக்கிறதுக்குள்ள உன் கால் கூடிரும்" என்றான். ஊர் ஊராக நடக்க வேண்டும். புல்லுக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு பிராணி எதிரே வரும். அதை அடித்துச் சோர வைத்து வலையை வீச வேண்டும். வலை மூன்று முறை துடித்து அடங்கினால் அது பிடிபட்டு, பட்டியலில் ஏறிவிடும். முதல் வாரம் அவள் அதைத் தொடவே இல்லை. மூன்றாவது வாரம் மடியில் வைத்த சோறு ஆறிப்போகும் வரை ஆடிக்கொண்டிருந்தாள்.

மேல்வீட்டு நாயோ விடிந்ததிலிருந்து அவள் தலைக்கு நேர் மேலே குரைக்கும். கணவனை அனுப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும் என்று மேல்வீட்டு டீச்சர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த எரிச்சலோடு திரைக்குள் வலையை வீசினாள். துடித்தது. துடித்தது. துடித்தது. அடங்கியது.

அன்று மதியம் குரைப்பு இல்லை. கூரைக்கு மேலே நாயின் நகங்கள் தரையில் இங்கும் அங்கும் ஓடுகிற டிக்டிக் மட்டும் கேட்டது.

மறுநாள் டீச்சர் இறங்கி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். நாய்க்கு யாராவது எதையாவது போட்டீர்களா என்று கேட்டாள். டாக்டர் பார்த்துவிட்டாராம், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையாம்.

"வாயைத் திறக்குது. குரைக்கிற மாதிரியே உடம்பு குலுங்குது. சத்தம்தான் வரல. உங்களுக்குத்தானே அது இடைஞ்சலா இருந்துச்சு?"

எழுந்து நிற்கக்கூட முடியாதவள் என்னத்தைப் போட முடியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். டீச்சர் போன பிறகு அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தெரிந்த சத்தங்களாகவே இருந்தன. ஒரு பிராணி லிஃப்ட் கதவைப் போல முனகியது. ஒன்று பக்கத்துத் தச்சுப் பட்டறை ரம்பத்தைப் போல இழுத்தது. ஒன்றுக்கு ஜன்னல் விளிம்பில் குமுறும் புறாக்களின் தொண்டை. ஒவ்வொன்றையும் பிடிக்கப் பிடிக்க வீடு ஒவ்வொரு சுற்றாக அடங்கியது. ஃப்ரிட்ஜ் குளிர்ந்தது, ஆனால் உறுமவில்லை. புறாக்கள் கழுத்தை உப்பி உப்பி அசைத்துவிட்டு, தங்களுக்கு என்ன ஆனதென்று புரியாதது போல ஒன்றையொன்று பார்த்தன. தூசியும் மாவுக்கட்டின் புளித்த வாடையும் மட்டும் நிறைந்த அந்த அறையில், கொடியில் காயும் துணிகளின் நிழல் சுவரில் சத்தமில்லாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுத்த புல்லுக்குள் நடந்தாள். காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. நிறுத்தியிருக்கலாம். பட்டியலில் இரண்டே இரண்டு கட்டங்கள்தான் காலி.

சேற்று நிலத்தில், கால் வைத்த இரண்டாவது அடியில், இருநூற்றுப் பதினொன்று வந்தது. உருண்டையாக, கண்ணில்லாமல், முழுக்க வாயாக இருந்தது. வாயைத் திறந்து அழுதது.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை. மூன்று மாதக் குழந்தை. தினமும் மதியம் வயிறு வலித்து வீறிடும். இப்போதும் வீறிட்டுக்கொண்டிருந்தது. திரைக்குள்ளும் சுவருக்கு அப்பாலும் ஒரே அழுகை, ஒரே விக்கல், ஒரே இடத்தில் மூச்சு.

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்திருந்தாள். இது வெறும் விளையாட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மாதமாக மதியத்தில் கண் மூடவில்லை என்றும் சொல்லிக்கொண்டாள்.

அழுத்தினாள்.

மூன்றாவது துடிப்பில் சுவருக்கு அப்பால் அழுகை பாதியில் அறுந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாயின் குரல். முதலில் கொஞ்சல். அப்புறம் தட்டல். அப்புறம் ஓடுகிற காலடி, கவிழ்ந்து உருள்கிற பாத்திரம். "அழு கண்ணு. அழுடா. ஒரே ஒரு தடவை அழு." பளீரென்று குழந்தையின் தொடையில் அறையும் சத்தம். மறுபடி அறை. அதன் பிறகு தாய்தான் அழுதாள்.

அவள் பிடித்ததை வெளியே விடும் இடத்தைப் பட்டியலில் தேடிப் பிடித்து அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது. ‘இது இனி உன்னுடையது.’ நாயை விடப் பார்த்தாள். அதே வரி. புறாவை. அதே வரி. பின்பக்க மூடியை நகத்தால் நெம்பி பேட்டரி இரண்டையும் எடுத்துப் போர்வையில் போட்டாள். திரை அணைந்தது. அணைந்த பெட்டியைக் காதருகே கொண்டுபோனாள்.

உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. நிறைய.

துண்டில் சுற்றி மெத்தைக்கு அடியில் திணித்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன் மாலை ஆறு மணிக்கு வந்தான். நாய், புறா, குழந்தை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் செருப்பைக் கழற்றியபடி பாதி கேட்டான். ஐந்து வாரமாக வேலைக்கும் போய், சமைத்து, அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி அலுத்துப்போயிருந்தான். நாலு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் தோன்றும் என்றான். வியர்வை நாற்றம் அடிக்கிறது என்று விரிப்பை உருவினான். மெத்தையின் ஓரத்தைத் தூக்கினான். துண்டு கீழே விழுந்து அவிழ்ந்தது.

"ஒண்ணுதான் பாக்கி போலிருக்கே," என்றான், பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டு. "அதையும் பிடிச்சுட்டா உன் பைத்தியம் தெளியும்."

"வேணாம், கொடுத்துடுங்க. அந்தக் குழந்தையை நான் தெரிஞ்சேதான் பிடிச்சேன். இதுல எது வரும்னு தெரியாது. உங்க குரலாவே இருந்தா?"

அவன், அவள் கை எட்டாத தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அறையில் விளக்குப் போடவில்லை. நீல நிறத் திரை வெளிச்சம் அவன் காதோரம் மட்டும் ஒட்டியிருந்தது. புல்லுக்குள் நடக்கும் சரசரப்பு. ஒரு அடி. இன்னொரு அடி.

நின்றது.

"ஏங்க."

அவளுடைய குரல். ஒலிபெருக்கியில் வருகிற குரல் அல்ல. வீட்டில் மட்டும், அவனிடம் மட்டும், கடைசியில் லேசாக இழுத்துக் கூப்பிடுகிற குரல். பெட்டியிலிருந்து.

"ம்," என்றான் அவன், பழக்கத்தில், திரும்பாமலே.

"அது நான் இல்ல!" என்று கத்தினாள். "வலையைப் போடாதீங்க, அது—"

முதல் துடிப்பு. குரல் கம்மியது.

இரண்டாவது. காற்று மட்டும் வந்தது.

மூன்றாவது.

அவள் கத்திக்கொண்டேதான் இருந்தாள். தொண்டை அதிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தாள், அதிர்ந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அறையில் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

தலைமாட்டில் இருந்த தம்ளரை எடுத்து எறிந்தாள். அது அவன் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. அவன் திரும்பினான். இருட்டில் அவனுக்குக் கட்டிலும் வெள்ளைக் காலும் ஒரு நிழலும்தான் தெரிந்திருக்கும்.

"என்ன?"

"கை தவறிடுச்சுங்க," என்றது குரல், அவன் கைக்குள்ளிருந்து, மெதுவாக. "ஒண்ணுமில்ல. நீங்க ஆடுங்க."

அவன் கண்ணைச் சுருக்கி ஒரு கணம் பார்த்தான். ஒரே ஒரு கணம். பிறகு திரும்பிக்கொண்டான்.

கட்டிலிலிருந்து உருண்டாள். மாவுக்கட்டு தரையில் மோதியது. "ஸ்டூல் சாய்ஞ்சிருச்சுங்க," என்றது குரல் உடனே. கணுக்காலுக்கு மேலே எதுவோ மறுபடி உடைந்தது. முழங்கையால் ஊர்ந்தாள். நாற்காலிக்கால் ஒரு முழத் தூரத்தில்.

"எனக்கு ஒரு பேர் வைங்களேன்," என்றது குரல்.

"என்ன பேர் வைக்கட்டும்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான் அவன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவன் குரலில் கொஞ்சம் அன்பு இருந்தது.

பெட்டி சிரித்தது. அவளுடைய சிரிப்பு, முதலில் அடக்கி, பிறகு பொங்கி. அவனும் சேர்ந்து சிரித்தான். நீல வெளிச்சத்தில் இரண்டு சிரிப்பும் ஒன்றாகிக் குலுங்க, நாற்காலிக்குப் பின்னால், தரையில், தாடை கிழிகிற அளவுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அவன் சட்டை நுனியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.