மிதிக்காத பாதை

மே மாத மதியம். அச்சுக்காரர் கென்சாகுவின் டோக்கியோ வீட்டுப் படியேறும்போது எனக்கு வேர்த்திருந்தது. பனிக்காட்சிப் படங்களைப் பதிப்பகத்துக்கு வாங்கிப் போக வந்திருந்தேன். உள்ளே ஈரக் காகித வாசனை.

"வாங்க பட்டதாரியம்மா. உங்க ஊரு என் மானத்த வாங்குது."

படத்தில் இருந்தது எச்சிகோ மலையில் என் வீடு. கூரை, புகை, ஒரு பைன் மரம். மற்றதெல்லாம் பனி. பனிக்கு மை கிடையாது. அச்சடிக்கும் மரப்பலகையில் அந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். வெறும் காகிதம்தான் பனி.

அவர் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

வெள்ளையில் குழிகள். காலடிகள்.

"பலகையத் தடவிப் பாருங்க. அங்க மரமே இல்ல. எது அழுத்துது?"

எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் விடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் எல்லைவரை பனியை மிதித்துப் பாதை போட வேண்டும். இந்த ஜனவரியில், இந்தப் படத்தை வரைந்த ஓவியரை ஊருக்கு அழைத்துப் போனவள் நான். அவருக்குக் கால்படாத பனி வேண்டும். அம்மா வைக்கோல் காலணியை மாட்டியபோது தடுத்தேன்.

"பக்கத்து வீட்டு இசோ நிறைமாசம்டி. மருத்துவச்சிகிட்ட இந்த வழியாத்தான் போகணும்."

"ஒரு நாள் மிதிக்கலேன்னா ஊர் அழிஞ்சிடாது. உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

ஊரிலேயே முதலில் கல்லூரி முடித்தவள் நான். என்னைப் படிக்கவைக்கக் கரிமூட்டை சுமந்த அம்மா காலணியைக் கழற்றிவைத்தாள்.

இசோ வந்தாள். அவள் வீட்டார் மிதித்த பாதை எங்கள் எல்லையில் நின்றுபோனது. அதற்குமேல் ஒரே வெள்ளை. வழி எது, பனி மூடிய வாய்க்கால் எது என்று தெரியாமல் கால் வைத்தாள். நாங்கள் உள்ளே ஓவியருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு உசிரையும் பனி கொண்டுபோயிடுச்சு" என்றார் அவள் கணவர்.

நான் தலையாட்டினேன். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

கென்சாகு தாள்களை அச்சடித்த வரிசையில் விரித்தார். முதல் தாளில் காலடி ஓரமாக இருந்தது. ஓவியர் வரையாமல் விட்ட வாய்க்கால் அங்கேதான். அடுத்ததில் ஓரடி உள்ளே.

அடுத்ததில் இன்னும்.

எங்கள் வாசலை நோக்கி.

"நான்தான்" என்றேன், அந்தக் காலடிகளிடம். "நான்தான் மிதிக்க வேணாம்னு சொன்னேன். உன் புருஷனுக்கு எழுதிடறேன். இன்னிக்கே எழுதிடறேன்."

"யாருகிட்டம்மா பேசறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, புதிய தாளைப் பலகைமேல் விரித்துத் தேய்த்தார். உரித்தார். சாய்த்தார்.

காலடிகள் வாசலில் நின்றன.

அவற்றின் பக்கத்திலேயே இன்னொரு வரிசை. மிகச் சிறியது. வெறுங்கால். ஐந்து விரல்களும் தெரிந்தன.

"இது காலையில இல்ல" என்று கிசுகிசுத்தார் கென்சாகு.

தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

என் விரலுக்கு அடியில் காகிதம் இன்னும் குழிந்துகொண்டிருந்தது.